'நாம்' என்பதா, 'நாங்கள்' என்பதா? அமெரிக்க வரலாற்று வகுப்பில் புதிதாக நுழையும் ஆசிரியருக்கு

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி தமிழில் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'நாம்'. அவரை விலக்கி நிறுத்தினால் 'நாங்கள்'. ஆங்கிலத்தின் 'வி' இரண்டையும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறது. அமெரிக்க அரசமைப்பு 'வி த பீப்பிள்' என்று தொடங்குகிறது. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மக்களாகிய நாம்' என்பதா, 'மக்களாகிய நாங்கள்' என்பதா? நியூ ஜெர்சியில் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறும் குடிமையியலும் நடத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய பிறகு, ஆண்டு முழுவதற்குமான பாடத்தை அதைச் சுற்றியே அமைத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ படித்துவிட்டு வந்து, இங்கே ஆசிரியர் சான்றிதழ் பெற்று, அல்லது சப்ஸ்டிடியூட் ஆசிரியராகச் சேர்ந்து, திடீரென்று இந்தப் பாடம் கையில் வந்து விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'அசோகர் சாலையோரங்களில் மரங்களை நட்டார்' என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய தலைமுறை நாம். முதல் ஆண்டில் நானும் அதையே செய்தேன். அரசமைப்பின் 27 திருத்தங்களையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தேன். பிள்ளைகள் நன்றாகவே ஒப்பித்தார்கள். பிறகு ஒரு மாணவி கை தூக்கினாள். "இதில் எதெல்லாம் என் அம்மாவுக்குப் பொருந்தும்? அவரிடம் கிரீன் கார்டுதான் இருக்கிறது." என்னிடம் பதில் இல்லை. 27 திருத்தங்களையும் எனக்குத் தெரியும். ஆனால் எதில் 'குடிமகன்' என்றும் எதில் 'நபர்' என்றும் எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கவனித்ததில்லை. அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். 14ஆம் திருத்தம் சட்டத்தின் சமப் பாதுகாப்பை 'எந்த நபருக்கும்' தருகிறது. வாக்குரிமை பற்றிய திருத்தங்கள் 'குடிமக்கள்' என்கின்றன. அந்த ஒரு சொல் வேறுபாட்டில் அவள் அம்மாவுக்கான விடை இருந்தது.

மாநிலத்தின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டத்தில் உள்ளதுபோல் மேலிருந்து வரும் ஒரே பாடநூல் இங்கே இல்லை. கல்வி மாநிலங்களின் கையில் இருக்கிறது. 'ஸ்டாண்டர்ட்ஸ்' என்று பள்ளியில் எல்லோரும் சொல்லும் பட்டியலை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வெளியிடுகிறது. உங்கள் வகுப்புக்குரிய பக்கங்களை அச்செடுத்து, பாடத்தைத் திட்டமிடும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் 2021இல் வந்த லாரா வூட்டன் சட்டம் நடுநிலைப் பள்ளியில் குடிமையியலைக் கட்டாயமாக்கியது. வாக்குச்சாவடிப் பணியில் 79 ஆண்டுகள் தொடர்ந்து நின்ற ஒரு பெண்மணியின் பெயர் அது. 2022 ஜனவரியில் வந்த இன்னொரு சட்டம் ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றையும் பாடத்தில் சேர்க்கச் சொல்கிறது.

2021 முதல் சில மாநிலங்கள் இனம் குறித்து வகுப்பில் எதை எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்றியிருக்கின்றன. ஆசிரியர் அறையில் காதில் விழுவதை நம்பாமல் சட்டத்தின் வாசகத்தை நீங்களே படியுங்கள். பேச்சில் கேட்பதற்கும் எழுத்தில் இருப்பதற்கும் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். ஒவ்வொரு பாடக் குறிப்பின் தலைப்பிலும் அது எந்த ஸ்டாண்டர்டுக்கு உரியது என்ற எண்ணை எழுதி வைப்பது நல்ல பழக்கம். யாராவது கேள்வி எழுப்பினால் அந்த எண் உங்கள் பக்கம் நிற்கும்.

முதல் வாரம்: ஒரு வட்டமும் 12 அட்டைகளும்

1787 கோடையில் அமெரிக்க அரசமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் 55 பேர் கூடினார்கள். செப்டம்பர் 17 அன்று 39 பேர் கையெழுத்திட்டார்கள். முன்னுரையின் முதல் வரைவில் 'நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ்' என்று மாநிலங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தெந்த மாநிலம் ஏற்குமென்று தெரியாத நிலையில் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டு, இன்று நாம் படிக்கும் வரி வந்தது. இரண்டு வரைவுகளையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். சட்டம் வானத்திலிருந்து விழவில்லை, அடித்துத் திருத்தி எழுதப்பட்டது என்பதைப் பிள்ளைகள் அங்கேயே புரிந்துகொள்வார்கள்.

பிறகு வெண்பலகையில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். 12 அட்டைகளில் 1790களில் இந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய 12 பேரை எழுதுங்கள்: நிலக்கிழார், நிலமில்லாக் கூலி, சொத்துள்ள விதவை, அவள் வீட்டில் அடிமைப்படுத்தப்பட்டிருக்கும் ஆண், லெனாப்பே பழங்குடிப் பெண், சொத்துள்ள சுதந்திரக் கறுப்பினத்தவர், புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியத் தச்சர். இப்படியே மற்றவர்களும். இவர்களில் யார் அந்த 'வி'க்குள் இருக்கிறார்கள்? பிள்ளைகள் அட்டைகளை உள்ளேயோ வெளியேயோ ஒட்ட வேண்டும். நான் தமிழின் இரண்டு சொற்களையும் பலகையில் எழுதி விளக்குவேன். ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் சீனம் பேசும் பிள்ளைகளும் தங்கள் மொழியில் இது எப்படி என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

விதவையின் அட்டையை எல்லோரும் வெளியே ஒட்டுவார்கள். அப்போது 1776ஆம் ஆண்டின் நியூ ஜெர்சி மாநில அரசமைப்பை எடுத்துக் கொடுங்கள். 50 பவுண்டு சொத்துள்ள 'எல்லாக் குடியிருப்பாளர்களும்' வாக்களிக்கலாம் என்றது அது. மணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்பது அன்றைய சட்டம் என்பதால், மணமாகாதவர்களும் விதவைகளும் வாக்களித்தார்கள். சொத்துள்ள சுதந்திரக் கறுப்பினத்தவரும் வாக்களித்தார்கள். மாண்ட்கோமரி டவுன்ஷிப்பின் 1801 வாக்காளர் பட்டியலில் பெண்களின் பெயர்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டு அட்டைகள் உள்ளே போகும். வகுப்பு மகிழும். அடுத்த தாளைக் கொடுங்கள். 1807இல் வந்த சட்டம் வாக்கை வரி செலுத்தும் வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. இரண்டு அட்டைகளும் மீண்டும் வெளியே.

அந்த நிமிடத்துக்காகத்தான் முதல் வாரம் முழுவதையும் செலவிடச் சொல்கிறேன். வட்டம் விரிந்துகொண்டே போனது என்று பழைய பாடநூல்கள் கதை சொல்லும். பிள்ளைகளும் அப்படித்தான் நம்பி வருகிறார்கள். அட்டை ஒன்று உள்ளே போய்விட்டு வெளியே வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளே மாறிவிடும். ஆண்டு முழுவதும் அந்த வட்டத்தை அழிக்காதீர்கள். 1870 (கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை), 1882 (சீனர் வரவுக்குத் தடை), 1920 (பெண்களுக்கு வாக்குரிமை), 1923, 1942 (ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தது), 1965 (வாக்குரிமைச் சட்டம்) என்று ஒவ்வொரு ஆண்டும் வரும்போது அட்டைகளை நகர்த்துங்கள், புதியவற்றைச் சேருங்கள். 1923இல் பகத் சிங் தின்ட் வழக்கு வருகிறது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர் அவர். குடியுரிமைச் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' அவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்ற குடியுரிமை பறிபோனது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946இல்தான் திறந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் அந்த அட்டை நகரும்போது ஒரு சத்தமும் இருக்காது.

ஒரு தாள், மூன்று வாசிப்பு

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, ஆவணத்தை முழுதாகக் கொடுப்பது. 13 வயதுப் பிள்ளையால் 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நான்கு பக்கம் படிக்க முடியாது. 100 முதல் 150 சொற்கள் போதும். கடினமான சொற்களுக்கு ஓரத்தில் பொருள் கொடுங்கள். ஆனால் மூலச் சொல்லை மாற்றாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் தங்கள் இணையதளங்களில் மூலங்களை இலவசமாகவே வைத்திருக்கின்றன.

நான் தவறாமல் பயன்படுத்தும் ஒரு தாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1796 மே மாதம் பிலடெல்பியா செய்தித்தாளில் வந்த விளம்பரம் அது. அப்போது தலைநகரம் பிலடெல்பியா. ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். அவர் வீட்டில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் தப்பிவிட்டாள், பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்கிறது விளம்பரம். அவள் முகத்தின் புள்ளிகள், கறுத்த கண்கள், அடர்ந்த தலைமுடி, அவளிடமிருந்த பலவகை உடைகள் எல்லாம் அதில் இருக்கின்றன.

முதல் வாசிப்புக்கு முன் மூன்றே கேள்விகள்: யார் எழுதியது, எப்போது, யார் படிப்பதற்காக? எழுதியவர் ஜனாதிபதி வீட்டு நிர்வாகி என்று தெரிந்தவுடனேயே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டாம் வாசிப்பில் பென்சிலால் கோடிட வேண்டும்: உண்மைத் தகவல்களுக்கு ஒரு கோடு, எழுதியவரின் கருத்துக்கு இரண்டு கோடு. மூன்றாம் வாசிப்பில் சத்தமாக, மெதுவாக. 'அவள் போவாள் என்ற சந்தேகமும் இல்லை, போவதற்கான காரணமும் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். அங்கே நிறுத்துங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அந்தப் பாடத்தின் கடினமான வேலை. யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "காரணம் இல்லை என்று எழுத வேண்டிய தேவை என்ன?"

அதற்குப் பிறகு இரண்டாவது தாளைக் கொடுங்கள். ஓனா நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்ச் சேர்ந்தார், பிடிபடவே இல்லை. முதுமையில், 1840களில், அவரே பேட்டி கொடுத்தார். போனதற்கு வருந்துகிறீர்களா என்ற கேள்விக்கு, இல்லை, நான் சுதந்திரமானவள் என்று பதில் சொன்னார். சட்டத்தின் கண்ணில் அவர் கடைசிவரை தப்பியோடிய உடைமையாகவே இருந்தார். இந்த இரண்டு தாள்களும் சேர்ந்து செய்யும் வேலையை என் விரிவுரை எதுவும் செய்ததில்லை.

இதே முறையில் அடுத்து, அடிமைமுறையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசிய பிரடெரிக் டக்ளஸின் 1852 ஜூலை உரையிலிருந்து ஒரு பத்தி. இந்த முறை 'நம்', 'உங்கள்', 'என்' என்ற சொற்களுக்கு மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். சுதந்திர தின விழாவுக்கு அழைத்தவர்களைப் பார்த்து, இந்த ஜூலை நான்கு உங்களுடையது, என்னுடையது அன்று என்றார் அவர். தாளில் 'உங்கள்' என்ற சொல் மொய்த்துக் கிடப்பதைப் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள். முதல் வாரத்து 'வி' அங்கே தானாகவே திரும்பி வரும்.

உரிமைகளை வழக்குகளின் வழியே

உரிமைச் சாசனம் எனப்படும் முதல் பத்துத் திருத்தங்களைப் பட்டியலாக நடத்தாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளே மையமாக இருந்த வழக்குகள் போதுமான அளவு இருக்கின்றன. என் வகுப்பில் முதலில் வருவது நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ. (ஒரு மாணவியின் பெயரின் முதலெழுத்துகள்) வழக்கு, ஏனென்றால் அது பிஸ்கட்டவே உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. பிள்ளைகள் பஸ்ஸில் கடந்து போகும் ஊர்.

கதையைத் துண்டு துண்டாகச் சொல்லுங்கள். முன்கூட்டியே, நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் நான்காம் திருத்தத்தின் வாசகத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். 1980 மார்ச். கழிப்பறையில் புகைபிடித்ததாக இரண்டு மாணவிகளை ஒரு ஆசிரியர் அழைத்து வருகிறார். ஒருத்தி ஒப்புக்கொள்கிறாள். 14 வயது டி.எல்.ஓ. மறுக்கிறாள். நிறுத்தம்: அவள் கைப்பையைத் திறக்கலாமா? திறக்கலாம் என்பவர்கள் சன்னல் பக்கம், கூடாது என்பவர்கள் கதவுப் பக்கம். துணைத் தலைமையாசிரியர் திறக்கிறார்; மேலேயே சிகரெட் பெட்டி. கூடவே சிகரெட் சுருட்டும் தாள். நிறுத்தம்: இனி மேலும் தேடலாமா, சிகரெட் கிடைத்ததோடு முடிந்ததா? மீண்டும் நடை. அவர் தொடர்ந்து தேடுகிறார். கஞ்சா, ஒரு டாலர் நோட்டுகள் பல, பணம் தர வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல், இரண்டு கடிதங்கள். நிறுத்தம்: கடிதத்தைப் படிக்கலாமா?

ஒவ்வொரு முறை பக்கம் மாறும்போதும் திருத்தத்திலுள்ள ஒரு சொல்லைக் காட்டித்தான் மாற வேண்டும் என்பது விதி. 'எனக்குத் தோன்றுகிறது' செல்லாது. 1985இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்று தீர்ப்பளித்தது: நான்காம் திருத்தம் பள்ளி நிர்வாகிகளையும் கட்டுப்படுத்தும், ஆனால் போலீசுக்குத் தேவைப்படும் வாரண்ட் பள்ளிக்குத் தேவையில்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், அந்தச் சோதனை செல்லும். தீர்ப்பைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னதாகச் சொல்லிவிட்டால் யோசிப்பது நின்றுவிடும். அன்று மாலை வீட்டுப்பாடம் ஒன்றுதான்: கைப்பைக்குப் பதில் கைப்பேசி என்றால்?

இதன் பிறகு டிங்கர் வழக்கு எளிதாக நடக்கும். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போன அயோவா மாணவர்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. 1969இல் 7–2 என்று வென்றார்கள்.

பார்னெட் வழக்கு மாணவர்களுக்கு முன்பாக உங்களுக்குத் தேவைப்படும், அதுவும் முதல் நாள் காலையிலேயே. கொடி உறுதிமொழி ஒலிபரப்பாகும்போது ஒரு பிள்ளை சொல்லாமல் இருக்கலாம். நம் ஊரில் தேசிய கீதத்துக்கு அசையாமல் நின்று பழகிய நமக்கு அது உறுத்தும், கண்டிக்கத் தோன்றும். கண்டிக்காதீர்கள். கொடிக்கு வணக்கம் செலுத்தவும் உறுதிமொழி சொல்லவும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுந்து நிற்கவும் கட்டாயப்படுத்த முடியாது என்று நியூ ஜெர்சி மாணவி ஒருவரின் வழக்கில் 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடிமீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. பிறப்பால் அல்லாமல் கேட்டு வாங்கிய குடியுரிமை என்னுடையது. அந்த மதிப்பின் ஒரு பகுதி, அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம் என்பதிலிருந்தே வருகிறது.

செய்யக் கூடாதவை

அடிமை ஏலத்தையோ அடிமைக் கப்பலையோ வகுப்பில் நடித்துக் காட்டச் செய்யாதீர்கள். எந்த நல்லெண்ணத்தோடு செய்தாலும் சில பிள்ளைகளுக்கு அது அவமானம், மற்றவர்களுக்கு வேடிக்கை. இரண்டும் பாடம் அல்ல. ஆவணத்தைப் படிப்பதே போதிய பாரம்.

யாருக்கு வாக்களித்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லாதீர்கள். ஆனால் நடுநிலை என்ற பெயரில் உண்மையைப் பாதியாக வெட்டவும் வேண்டாம். உள்நாட்டுப் போருக்கு அடிமைமுறை காரணமா என்ற கேள்விக்கு 'சிலர் அப்படிச் சொல்கிறார்கள்' என்று பதில் சொல்வது கோழைத்தனம். 1861 ஜனவரியில் மிசிசிப்பி மாநிலம், நாட்டிலிருந்து தான் ஏன் பிரிகிறது என்று அறிக்கை வெளியிட்டது. தங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பத்தியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

தேர்வும் மதிப்பெண்ணும்

குடியுரிமை நேர்காணலில் எனக்கு 100 கேள்விகள் கொண்ட பட்டியல் இருந்தது; அதிகாரி 10 கேட்பார், 6 சரியாகச் சொன்னால் போதும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பட்டியல் 128 ஆகியிருக்கிறது. 20 கேள்விகளில் 12 சரியாக வேண்டும். இதை மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் இறுதித் தேர்வாக வைக்காதீர்கள். 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பினரில் 13 சதவீதம் பேரே அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். குடிமையியலில் 22 சதவீதம். மனப்பாடத்தைக் கூட்டினால் இது சரியாகும் என்று நான் நினைக்கவில்லை. என் தேர்வில் பிள்ளைகள் முன்பு பார்த்திராத ஒரு தாளும் மூன்று கேள்விகளும் இருக்கும். விடையில் தாளின் சொல் ஒன்றை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும்.

மதிப்பெண் போடும்போது, காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்று சொல்லும் 27ஆம் திருத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1789இல் முன்மொழியப்பட்டு மறக்கப்பட்ட அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி'. அவர் மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார், பத்தாண்டு விடவில்லை. 1992இல் அது அரசமைப்பின் பகுதியானது. 2017இல் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை 'ஏ' என்று திருத்தியது.

வகுப்புக்கு வெளியே

வசந்த காலத்தில் ஒரு முறையாவது பள்ளி வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் படிக்க வையுங்கள். வெள்ளை மாளிகையில் நடப்பதெல்லாம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தங்கள் மதிய உணவுக்கான ஒப்பந்தத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று தெரியாது. பொதுமக்கள் பேசுவதற்கான நேரத்தில் சில நிமிடங்கள் பேசலாம். அதற்காக எழுதிப் பழகுவது ஒரு வாரப் பாடம். நெவார்க் நகரில் 16, 17 வயதினரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம்; 2025 ஏப்ரலில் முதன்முறையாக வாக்களித்தார்கள். இதைச் சொன்னால் எட்டாம் வகுப்பு தன் வயதைக் கணக்குப் போடும்.

பெற்றோர்களுக்கு ஆகஸ்டிலேயே ஒரு பக்கக் கடிதம் அனுப்பிவிடுங்கள்: எந்தெந்த ஆவணங்கள், எந்த மாதம். தமிழ்ப் பெற்றோர் சிலர் இது பொறியியலுக்கு உதவுமா என்று கேட்பார்கள். கோபப்படாமல், ஓனா ஜட்ஜ் விளம்பரத்தின் நகலைக் கொடுத்து வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள்.

முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் 'வி' என்பதற்குத் தாளில் எழுதிய விளக்கத்தை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஜூனில் திருப்பிக் கொடுத்து, அதே தாளில் வேறு நிற மையால் திருத்தச் சொல்லுங்கள். அடித்த சொல் தெரியும்படி அடிக்க வேண்டும். பச்சை மைப் பேனாக்கள் ஒரு பெட்டி முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கடையில் கிடைக்காது.